ஏரி பார்த்த வீடு

ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு வரும் வீட்டு விளம்பரப் பக்கங்களைத் தொடர்ந்து புரட்டுகிறவர்களுக்கு ஒரு மாற்றம் கண்ணில் பட்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அங்கே பெரிய எழுத்தில் இருந்தவை நீச்சல் குளமும் ஜிம்மும். ‘ஐ.டி. பார்க்கிலிருந்து பத்தே நிமிடம்’ என்பது அதற்கடுத்த வரி. இப்போது மரம் முதல் வரிக்கு வந்துவிட்டது. ஏரி பார்த்த பால்கனி, ஊருக்குள் ஒரு வனம், முக்கால்வாசி திறந்தவெளி என்று விளம்பரம் பேசுகிறது. படத்தில் கட்டடம் பின்னுக்குப் போய், கணினியில் வரைந்த பச்சை முன்னால் நிற்கிறது. அந்த மரங்களில் பாதி சென்னை மண்ணில் முளைக்குமா என்பது சந்தேகம். மேகங்கள் நிச்சயமாகச் சென்னையுடையவை அல்ல.

வீடு விற்கிறவர்களுக்கு இந்தத் தெம்பு திரும்பியே சில வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்கள் சென்னை வீட்டுச் சந்தைக்கு ஏழரைச் சனி. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி என்று பெயர் சொன்னாலே வாங்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பத்திர அலுவலகங்கள் வெறிச்சோடின. இரண்டு மாதத்தில் பணமதிப்பு நீக்கம். அடுத்த மாதம் முதல்வர் மறைவு, அது நடந்த ஒரே வாரத்தில் வர்தா புயல். 2017இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வந்தன. நல்லதுக்குத்தான் வந்தன என்றாலும் வந்த வேகத்தில் சின்ன பில்டர்கள் பலர் கடையைக் கட்டினார்கள். 2017 ஜூனில் பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை அரசு 33 சதவீதம் குறைத்துப் பார்த்தது. அதே கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றியதால் வாங்குகிறவர் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

திருப்பம் கொரோனாவோடு வந்தது. 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கி, இரண்டு வருடம் அங்கேயே வைத்திருந்தது. வீட்டுக் கடன் வட்டி 7 சதவீதத்துக்குக் கீழே போனது. 50 லட்ச ரூபாய் கடனை 20 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், 9 சதவீத வட்டியில் மாதத் தவணை 45 ஆயிரத்தைத் தொடும். 7 சதவீதத்தில் 39 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். மாதம் ஆறாயிரம் மிச்சம் என்றால் ஒரு நடுத்தரக் குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்வதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும். ஜி.எஸ்.டி.யும் 2019லேயே 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருந்தது. பிறகு 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 சதவீதத்துக்கு ஏறியபோதும், அதே வருடம் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியபோதும் விற்பனை படுத்துவிடவில்லை. சென்னையில் வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் குடியிருக்கவே வாங்குகிறார்கள், கைமாற்றி விற்க அல்ல என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் வட்டிக் கணக்கு மட்டும் மரத்தை முதல் வரிக்குக் கொண்டுவந்துவிடாது. ஊரடங்கில் நாலு பேர் இரண்டு அறைக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தபோது, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பது முதல்முறையாக ஒரு பெரிய விஷயமானது. அடுத்த வீட்டுச் சுவரும் அதில் மாட்டிய ஏ.சி. பெட்டியும் தெரிந்தவர்கள்தான் அதிகம். வீடு மாறும்போது கூடுதலாக ஓர் அறை கேட்டார்கள், பால்கனி கேட்டார்கள், குழந்தை ஓட ஒரு புல்தரை கேட்டார்கள். விற்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பச்சைக்கு விலை உண்டா என்றால் உண்டு. அதை எண்ணாகவே போட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்று ஒரு நகரம். பசுமை நகரம் என்றால் அமெரிக்கர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று. அங்கே ஜெஃப்ரி டோனவன், டேவிட் பட்ரி என்ற இருவர் வீட்டு விற்பனை விவரங்களையும் தெருமரங்களையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டு 2010இல் வெளியிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் தெருமரம் இருந்தால் விற்பனை விலையில் சராசரியாக 8,870 டாலர் கூடுகிறது, வீடு 1.7 நாள் முன்னதாக விற்றுப்போகிறது. பத்திரிகைகள் இந்த இரண்டு எண்களையும் கொண்டாடின. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது மூன்றாவது விஷயம். ஒரு மரத்தால் அது நிற்கும் வீட்டுக்குக் கூடும் மதிப்பைவிட, 100 அடிக்குள் இருக்கும் அண்டை வீடுகளுக்கெல்லாம் சேர்த்துக் கூடும் மதிப்பு அதிகம். மரத்தின் பலன் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஓடுகிறது. சென்னையின் இன்றைய சந்தை இதற்கு நேர்மாறான ஒரு நம்பிக்கையின் மேல் நடக்கிறது. பசுமையைச் சுவர் கட்டி உள்ளே வைத்துக்கொள்ளலாம், சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரித்து விற்கலாம் என்ற நம்பிக்கை அது.

சென்னையிடம் மொத்தமாக எவ்வளவு பச்சை இருக்கிறது? இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி மாநகரின் வனப்பரப்பு 22.70 சதுர கிலோமீட்டர். சென்னையின் மொத்தப் பரப்பில் ஐந்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. பெங்களூருக்கு 89, மும்பைக்கு 110, டெல்லிக்கு 194 சதுர கிலோமீட்டர். 2011இல் 18 சதுர கிலோமீட்டராக இருந்தது இவ்வளவு கூடியிருக்கிறது என்பது ஆறுதல். அதே பத்து வருடத்தில் ஹைதராபாத் 33இலிருந்து 81க்குப் போய்விட்டது.

இருக்கிற பச்சையிலும் பெரும் துண்டுகள் பழைய தற்செயல்களால் தப்பியவை. கிண்டி தேசியப் பூங்காவின் 270 ஹெக்டேர் ஒரு காலத்தில் வெள்ளைக்கார கவர்னர்களின் வேட்டைக்காடு. அதையொட்டி ஐ.ஐ.டி. வளாகம். 1882இல் அடையாற்றங்கரையில் பிரம்மஞான சபை வாங்கிய தோட்டம் இன்னொரு துண்டு. இவற்றைச் சுற்றியிருக்கும் கோட்டூர்புரம், காந்தி நகர், அடையாறு பகுதிகளில் மனை விலை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தெருக்களின் குளுமைக்கு அங்கே வீடு வைத்திருக்கும் யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை.

திட்டமிட்டு உருவான பச்சையும் இருக்கிறது. அண்ணா நகரைச் சொல்லலாம். 1968இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தையொட்டி வீட்டுவசதி வாரியம் அகலமான சாலைகளும் நடுநடுவே பூங்காக்களுமாகப் போட்ட மனைகள் அவை. அன்றைக்கு ‘ஊருக்கு வெளியே யார் போவார்கள்’ என்று தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். டவர் பூங்காவுக்கு கேட் பாஸ் கிடையாது. அதைச் சுற்றியுள்ள தெருக்களின் மதிப்பு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் நடக்க வருகிறவர்களில் பாதிப்பேர் அக்கம்பக்கத்து அடுக்ககங்களில் வாடகைக்கு இருப்பவர்கள்.

தியாகராய நகரின் கதை இன்னும் சுவையானது; கொஞ்சம் கசப்பானதும்கூட. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை வளைந்து நீண்ட ஓர் ஏரி இருந்தது. 1920களில் ஊர் பெருகி வீட்டு மனைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த ஏரியை வடித்து மாம்பலத்தில் புது நகர் போட்டார்கள். பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் அந்தத் திட்டத்தில் வந்தவை. வளைந்து போகும் தெருக்கள், நடுவில் பூங்கா, அதைச் சுற்றி வீடுகள் என்று அந்தக் காலத்து வரைபடம் அழகாகத்தான் இருக்கும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, பார்க்க லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு இருக்கிறது, பக்கத்தில் லேக் ஏரியா என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. எஞ்சிய ஏரி நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரியை எடுத்துக்கொண்டு பூங்காவைக் கொடுத்த அந்தப் பண்டமாற்று பிறகு அரசுக்கே பழகிவிட்டது. முகப்பேர் ஏரித் திட்டம் என்றே முகவரி எழுதும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு இருக்கிறது. தனியார் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

இதையெல்லாம்விடப் பெரிய கணக்கு தெற்கே இருக்கிறது. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று தென்சென்னையின் ஏரிகள் ஒன்றுக்கொன்று கால்வாயால் கோத்தவை. மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். கடைசியில் எல்லாம் வந்து சேரும் பள்ளம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அது தண்ணீரைத் தேக்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் மெதுவாக அனுப்பும். ‘மெதுவாக’ என்பதுதான் அதன் வேலை. நெல் விளையாத, யாரும் வரி கட்டாத நிலம் என்பதால் வருவாய்க் கணக்கில் அது கழிவெளி. தரிசு என்று எழுதி வைத்ததைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பெருங்குடியில் மாநகராட்சி குப்பை கொட்டியது. கல்வி நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன. 2000இல் டைடல் பார்க் திறந்தபிறகு பழைய மாமல்லபுரம் சாலைக்கு (ஓ.எம்.ஆர்.) வந்த வேகம் இரண்டு பக்கமும் மண் அடித்து மேடாக்கியது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில் இன்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் சதுப்பாக மிஞ்சியிருக்கிறது. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது. 2022இல் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது.

பூநாரை வருகிறது, புள்ளிமூக்கு வாத்து வருகிறது என்று அதை விளம்பரத்தில் போடுகிறார்கள். ‘சதுப்பு நிலக் காட்சி’ என்பது இன்று பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்து அடுக்ககங்களுக்கு ஒரு விற்பனைச் சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் காட்சி வீட்டுக்குள்ளேயே வந்தது. பெருங்குடியில் 45 சென்டிமீட்டர் மழை. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கோவிலம்பாக்கம், மேடவாக்கம் தெருக்களில் படகு ஓடியது. இது இயற்கைச் சீற்றம் என்று சொல்வது பாதி உண்மை. பள்ளத்தில் வீடு கட்டியவர்களுக்கு மேட்டில் பெய்த மழையும் சேர்த்துத்தான் வரும் என்பது மீதிப் பாதி.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. ராம்சர் நிலத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும், அறிவியல்பூர்வமான ஆய்வு முடியும்வரை கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. உடனே இரண்டு குரல்கள் எழுந்தன. ஏற்கெனவே நிலம் வாங்கி, வங்கியில் கடன் வாங்கி, பாதியில் நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது ஒன்று. அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது; அதில் பில்டர்கள் மட்டுமல்லாமல், ஒற்றை மனையில் மாடி கட்ட நினைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு நாள் அனுமதி கொடுத்தது யார் என்பது இரண்டாவது குரல். அது இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. கட்டுமானத் தொழிலுக்கு நிலையான விதி வேண்டும் என்று பில்டர் சங்கங்கள் அடிக்கடி சொல்கின்றன. எல்லையைத் தெளிவாக வரைந்து, எங்கே கட்டலாம் எங்கே கூடாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதிதான். இருபது வருடம் மங்கலாக விட்டு வைத்ததில் லாபம் பார்த்தவர்கள் யார் என்று தேடினால் எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் கிடைப்பார்கள்.

இந்தச் சதுப்பின் விளிம்பில் இன்னொரு ஊர் இருக்கிறது. வீட்டு விளம்பரங்களில் அது வராது. பெரும்பாக்கத்தில் வரிசை வரிசையாக எட்டு மாடிக் கட்டடங்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தள்ளி எழில் நகர், கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை அரசு கொண்டுவந்து வைத்த இடங்கள் இவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேலை வேகம் பிடித்தது. ஆற்றங்கரை சுத்தமாக வேண்டும், வெள்ளத்துக்கு வழி வேண்டும் என்பது சரியான காரணம்தான். சைதாப்பேட்டையில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண், இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய் அதே வேலைக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டியதானது. ஆற்றோரத்தில் வெள்ளம் வரும் என்று கூட்டிவரப்பட்டவர்களை மிக்ஜாமில் மறுபடி தண்ணீர் சூழ்ந்தது. காலியான கரையில் மரம் நட்டு நடைபாதை போட்டால் எதிரே இருக்கும் அடுக்ககத்தின் விலை ஏறும். நியூயார்க்கில் பழைய ரயில் பாலத்தைத் தோட்டமாக்கிய ஹைலைன் பூங்கா 2009இல் திறந்த பிறகு சுற்றுவட்டார வாடகை ஏறி, பழைய குடியிருப்பாளர்கள் வெளியேறியதைப் பற்றி அங்கே நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கே விலை துரத்தியது. இங்கே அதற்கு முன்பே லாரி வந்துவிடுகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் கட்டட விதிகளில் திறந்தவெளி ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. தொழிலில் எல்லோரும் ஓ.எஸ்.ஆர். என்பார்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 13 கிரவுண்டுக்கு மேல் நிலம் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம். அதற்கு மேல் போனால் பணம் செல்லாது. நிலத்தையே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இரண்டரை ஏக்கருக்கு மேல் கட்டும் ஒவ்வொரு பெரிய குடியிருப்பிலிருந்தும் ஊருக்கு ஒரு பூங்கா கிடைக்க வேண்டும் என்பது விதியின் கணக்கு. அப்படிக் கிடைத்திருந்தால் ஓ.எம்.ஆர். இன்று பூங்காக்களின் சாலையாக இருந்திருக்கும். பல இடங்களில் தானமாகக் கொடுத்த நிலம் மூலையில், கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் விழுகிறது. சில இடங்களில் அது குடியிருப்பின் கேட்டுக்கு உள்ளேயே இருந்து, காவலாளியின் அனுமதியோடு மட்டும் பொதுமக்கள் நுழையும் ‘பொது’ப் பூங்காவாகிறது. விளம்பரத்தில் அது ‘எங்கள் தோட்டம்’. வீடு வாங்குகிறவர் அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறார், தனக்கு அதில் உரிமை இல்லை என்பது தெரியாமலே.

பசுமைக் கட்டடச் சான்றிதழ்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பலகை மாட்டுகிறார்கள். மோசடி என்று சொல்ல மாட்டேன். தண்ணீரை மிச்சப்படுத்தும் குழாய், வெயிலைத் தடுக்கும் கண்ணாடி, மாடியில் சூரியத் தகடு, கழிவுநீரைச் சுத்திகரித்து ஃபிளஷுக்கு விடுவது எல்லாம் மாதாமாதம் மின்கட்டணத்திலும் மெயின்டனன்ஸிலும் தெரியும் விஷயங்கள். ஆனால் மதிப்பெண்களில் பெரும்பங்கு கட்டடத்துக்குள் நடப்பவற்றுக்குத்தான். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, பலகை மாட்டிய அடுக்ககங்களும் மாட்டாதவையும் ஒரே லாரிக்குத்தான் வரிசையில் நின்றன.

நடும் மரங்களும் அப்படியே. புதுக் குடியிருப்புகளின் வாசலில் ராயல் பாம் வரிசையாக நிற்கும். பார்க்க அணிவகுப்பு மாதிரி இருக்கும்; நிழல் விழாது. வர்தாவில் சென்னை இழந்த மரங்களில் குல்மோகர், தூங்குமூஞ்சி, மஞ்சள் கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்களே அதிகம். வேர் ஆழமாகப் போகாதவை. போனாலும் கான்கிரீட் நடைபாதை நெரித்தவை. கிண்டிக் காட்டின் உலர் பசுமைமாறா மரங்கள் நம் கடற்கரைக்கென்றே வளர்ந்தவை. வேம்பும் புங்கமும் பூவரசும் விளம்பரப் படத்தில் அவ்வளவு எடுப்பாக இருக்காது என்பதால் தோட்ட வடிவமைப்பாளர்கள் அவற்றைத் தொடுவதில்லை போலிருக்கிறது.

வீடு பார்க்கப் போகிற நண்பர்கள் கேட்கும்போது நான் சொல்வது இதைத்தான். கிளப் ஹவுஸைக் கடைசியில் பாருங்கள். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். அதோடு அந்த சர்வே எண்ணின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஏரி, கால்வாய், வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு என்று பக்கத்து எண்களுக்கு என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பார்த்தால், உங்கள் வாசலில் மழைக்காலத்தில் யார் வந்து நிற்பார்கள் என்று தெரிந்துவிடும். பக்கத்து ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது, உபரிநீர் எந்தப் பக்கம் போகிறது என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். டீக்கடையே போதும். 2015இலும் 2023இலும் எதுவரை தண்ணீர் வந்தது என்பதைச் சுவரில் தொட்டுக் காட்டுவார்கள். யூ.டி.எஸ். (வீட்டோடு வரும் பிரிபடாத நிலப் பங்கு) எவ்வளவு என்று பார்ப்பதுபோல, ஓ.எஸ்.ஆர். நிலம் எங்கே, தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்றும் கேளுங்கள். வீடு காட்ட வருகிற மார்க்கெட்டிங் தம்பிக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பதில் தெரிந்தவரைக் கூட்டிவரும்வரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் எச்சரிக்கை மட்டும்தானா என்றால், மறுபக்கமும் இருக்கிறது. 2019 வறட்சியில் சிட்லபாக்கம் மக்கள் தாங்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். அதற்கு முன்பு பல வருடம் மனு, வழக்கு, போராட்டம் என்று அலைந்திருந்தார்கள். அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கி ஏரியைச் சீரமைத்தது. கரையில் இன்று நடைபாதை இருக்கிறது. பக்கத்திலுள்ள செம்பாக்கம் ஏரியிலும் தன்னார்வ அமைப்புகள் கழிவுநீரைத் தடுத்துத் தூர்வாரும் வேலையைச் செய்திருக்கின்றன. அந்தப் பகுதிகளில் இப்போது வீடு விற்கிறவர்கள் ஏரியைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஏரிக்குள் இறங்கியவர்களுக்கு அதில் கமிஷன் எதுவும் கிடையாது.

கிண்டியில் ரேஸ் கிளப் வைத்திருந்த நிலத்தை, வாடகை பாக்கியைக் காரணம் காட்டி 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்தது. வழக்கு ஒருபக்கம் நடக்க, 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவித்து, மழைநீர் தேக்கக் குளங்களும் வெட்டினார்கள். கிண்டி மாதிரி இடத்தில் அவ்வளவு நிலத்தை மனை போட்டு விற்காமல் இருப்பதே நம் ஊரில் பெரிய முடிவு. அங்கே தேங்கும் தண்ணீர் கீழே வேளச்சேரிக்குப் போகாமல் நின்றால், வேளச்சேரியில் தரைத்தளத்தில் வீடு வைத்திருக்கும் ஒருவருக்கு அது எந்த பிளாட்டினம் பலகையைவிடவும் பெரிய உபகாரம்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்த இருபது வருடத்துக்கான மூன்றாம் திட்டத்துக்கு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வரைபடத்தில் வரத்துக் கால்வாய்களும் ஏரிகளின் நீர்ப்பிடிப்பும் எந்த நிறத்தில் வரப்போகின்றன, பள்ளிக்கரணையைச் சுற்றி எல்லைக்கோடு எங்கே விழப்போகிறது என்பதைக் கட்டுமான நிறுவனங்கள் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருக்கும். அது அவர்கள் தொழில். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருப்பவர்களும் கவனிக்கலாம். வரைவு வெளியானதும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க விதியிலேயே இடமிருக்கிறது. அதற்கு வக்கீலும் தேவையில்லை, நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.